கொப்பரையும் கொடையும்

அரபி இலக்கணப் பாடம் நடந்துகொண்டிருந்த வேளையில், கிதாபின் அடியில் வேறொரு நூலை மறைத்துப் படித்த மாணவன் ஒருவன் நம்மிடம் அகப்பட்டான். நூலைப் பறித்து அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அஸருக்குப் பின் அவன் தயங்கியபடி வந்து நின்றான்.

“ஹழ்ரத், நூலைத் தராவிட்டாலும் ஒரு வினாவுக்கு விடை தாருங்கள். கொடியவனிடமிருந்து, அவன் கொடுமை புரியும் கருவியைத் திருடினால் அதுவும் திருட்டுத்தானா?”

விடை நம் நாவின் நுனியிலேயே இருந்தது. எனினும், வினா பிறந்த இடம் அறியாமல் விடை பகர்வது ஆசிரியனுக்கு அழகன்று. பூட்டைத் திறந்து நூலை எடுத்தோம். “கதையைச் சொல், தம்பி” என்றோம். ஆங்கிலத்தில் நமக்குப் பயிற்சி குறைவு. அவன் படித்துப் பொருள் சொல்ல, மூன்று மாலைகள் நாம் மாணவராய் அமர்ந்து கேட்டோம்.

அமெரிக்க எழுத்தாளர் லாயிட் அலெக்சாண்டர் இளையோருக்கென எழுதி, 1965இல் வெளிவந்த ‘கருங்கொப்பரை’ என்னும் பொருள்படும் நாவல் அது. இரண்டாம் உலகப் போரின்போது இராணுவப் பணியில் வேல்ஸ் நாட்டில் தங்கிய அவர், அந்நாட்டுப் பழங்கதைகளில் உள்ளத்தைப் பறிகொடுத்தவர். மாண்டோரை இட்டால் பேச்சற்ற வீரராய் எழுப்பும் கொப்பரை அந்நாட்டு ‘மாபினோகி’ கதைகளில் வருகிறது. மறுவுலகின் கொப்பரையைத் தேடி ஆர்தர் மன்னன் படையுடன் கப்பலேறியதையும், எழுவர் மட்டுமே மீண்டதையும் 14ஆம் நூற்றாண்டு ஏடொன்றில் உள்ள வேல்ஸ் மொழிப் பாடல் பேசுகிறது.

நாவலிலும் அத்தகைய கொப்பரையைத் தீயோன் ஒருவனின் கோட்டையிலிருந்து களவாடி அழிக்க ஒரு கூட்டம் புறப்படுகிறது. பன்றி வளர்க்கும் இளைஞன் தாரனும் அதில் ஒருவன். கொப்பரையோ கோட்டையில் இல்லை. சதுப்பு நிலத்து மூன்று பெண்களிடம் இருக்கிறது. களவு கைகொடுக்கவில்லை. மாண்ட நண்பன் அளித்த, ஞானம் தரும் அணிகலனை விலையாக ஈந்தே தாரன் அதைப் பெறுகிறான். அழிப்பதோ அதனினும் அரிது. உயிருள்ள ஒருவன் தானே விரும்பி உள்ளே இறங்கி உயிர் துறந்தாலன்றி அது உடையாது. புகழாசையால் தோழர்க்குத் தீங்கிழைத்த எல்லிடிர் என்னும் இளவரசனே இறுதியில் இறங்குகிறான். கொப்பரை சிதறுகிறது.

அப்பக்கத்தைப் படிக்கையில் மாணவனின் குரல் தழுதழுத்தது. நாமும் சற்றுநேரம் பேசவில்லை.

“தம்பி, திருடப் புறப்பட்டவர்கள் திருட்டினால் எதைப் பெற்றார்கள்?” என்று கேட்டோம்.

நெடுநேரம் எண்ணிப் பார்த்தான். “ஒன்றையும் பெறவில்லை, ஹழ்ரத். கொடுத்துத்தான் பெற்றார்கள்.”

‘திருட்டு திருட்டுத்தான்’ என்று முதல் நாளே ஒரு வரியில் சொல்லியிருப்போம். அவனும் தலையசைத்துச் சென்றிருப்பான். அது நமது விடையாகவே நின்றிருக்கும், அவனுடையதாகியிருக்காது.

பாட வேளையில் திறக்கலாகாது என்று எச்சரித்து, நூலை அவனிடமே கொடுத்தோம். நாற்பதாண்டுகளுக்கு முன் நம் உஸ்தாதும் இவ்வாறே ஒரு கதைநூலை நம்மிடமிருந்து பறித்தார்கள். அது திரும்பி வரவில்லை. அக்கதை எப்படி முடிந்தது என்பதை நாம் இன்றளவும் அறியோம்.