கடாரத்தில் கழிந்த ஓய்வு நாள்கள்

விடுமுறையை மாணவர் விரும்புவதினும் ஆசிரியர் மிகுதியாக விரும்புவர் என்று சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள். ஆயினும் அஃது உண்மை. முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் கற்பித்த நான் அதனை நன்கு அறிவேன். அவ்வாண்டுகளுள் மூன்று, 1996 முதல் 1998 முடிய, மலேசிய நாட்டின் பினாங்குத் தீவில் கழிந்தன. அங்கே தமிழாசிரியராகப் பயில்வோர்க்கு இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் பணி எனக்கு வாய்த்தது. வாரத்தில் ஐந்து நாள் நான் கற்பித்தேன். சனியும் ஞாயிறும் நான் கற்றேன்.

நாகப்பட்டினத்தை அடுத்த சிற்றூர் என் ஊர். பயணம் புறப்பட்ட அன்று என் தந்தையார் என்னை வழியனுப்ப வந்தார். அவர் மிகுதியாகப் பேசும் இயல்பினர் அல்லர். வண்டி புறப்படும் வேளையில், "அந்த நாட்டில் என் அண்ணனை அறிந்தவர் எவரேனும் இருப்பார்கள், விசாரித்துப் பார், தம்பி" என்று மட்டும் சொன்னார். நானும் "ஆகட்டும், அப்பா" என்றேன். அச்சொல்லை நான் காத்த வகையைப் பின்னர்ச் சொல்வேன்.

பினாங்குத் தீவு காண்பதற்கு இனியது. அதன் தலைநகர் ஜார்ஜ் டவுன். அந்நகரின் ஒரு தெருவில் 1833-ஆம் ஆண்டில் எழுந்த மாரியம்மன் கோயிலைக் காணலாம். சிறிது தொலைவு நடந்தால் தமிழ் முசுலிம்கள் தொழுகின்ற பழைய பள்ளிவாசலையும், அதற்கு அப்பால் சீனர் கோயிலையும் காணலாம். வங்கக் கடலைக் கடந்து வணிகம் செய்த சூலியர் பெயரால் ஒரு தெரு இன்றும் வழங்குகின்றது. சனிக்கிழமை மாலைகளில் அத்தெருக்களில் நடப்பது என் வழக்கம். மூன்று மொழிகளின் ஓசையும் பூக்கடையின் மணமும் கலந்து வரும். தமிழ் கேளாத நாள் ஒன்றும் எனக்கு அங்கே இருந்ததில்லை.

ஞாயிறுதோறும் வேறு வேறு இடங்களுக்குச் செல்வேன். ஒரு வாரம் 1884-இல் அமைக்கப்பெற்ற தாவரத் தோட்டம். ஒரு வாரம் அதன் அருகே உள்ள தண்ணீர்மலை முருகன் கோயில். மற்றொரு வாரம் கொடிமலை. கொடிமலைமீது 1923 முதல் இருப்புப்பாதை வண்டி ஏறுகின்றது. கம்பியால் இழுக்கப்பெற்றுச் செங்குத்தாக ஏறும் அவ்வண்டியை நான் இருந்த காலத்தில் பாதி வழியில் மாற்றி ஏற வேண்டும். 2011 முதல் நேரே உச்சிக்குச் செல்கின்றது. மேலே காற்று குளிர்ந்து வீசும். கீழே நகரமும் நீரிணையும் படத்தில் எழுதியன போலத் தோன்றும்.

ஒருநாள் மழை பெய்து ஓய்ந்த காலை வேளையில் அம்மலையுச்சியில் நின்றுகொண்டிருந்தேன். உடன் வந்த நண்பர் வடதிசையைச் சுட்டிக் காட்டினார். அவரும் ஆசிரியர், கெடா மாநிலத்து இரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பினாங்கில் பணி புரிந்தவர். கடலோரத்தில் நீல நிறமான மலை ஒன்று தனித்து நின்றது. "அதுதான் ஜெராய் மலை. நான்காயிரம் அடி உயரம். பழங்காலத்து மாலுமிகள் வங்கக் கடலைக் கடந்ததும் முதலில் தேடிய அடையாளம் அதுவே. அதன் அடிவாரந்தான் உங்கள் கடாரம்" என்றார். என் உடல் சிலிர்த்தது. கடாரம் என்னும் சொல்லை வகுப்பறையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஓர் இடமாக அதனை அன்றுதான் கண்டேன்.

அடுத்த ஞாயிறு விடியும் முன்பே இருவரும் புறப்பட்டோம். படகில் நீரிணையைக் கடந்து, பட்டர்வொர்த்துத் துறையில் இறங்கி, பேருந்தில் வடக்கே சென்றோம். கெடா மாநில எல்லையைக் கடந்ததும் ஒரு புதுமையைக் கண்டேன். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் பிள்ளைகள் சீருடை அணிந்து பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்தனர். அம்மாநிலத்தில் வெள்ளிக்கிழமையே வார விடுமுறை நாள் என்று நண்பர் விளக்கினார்.

மெர்போக் என்னும் ஊரை அடுத்துள்ளது பூஜாங் பள்ளத்தாக்கு. அங்கே ஓடும் சிற்றாற்றின் கரையில் ஒரு பழங்கோயிலின் கல்மேடை நிற்கின்றது. புக்கிட் பத்து பாஹாட் என்பது அவ்விடத்தின் பெயர். உளி பட்ட கல்லின் குன்று என்பது அதன் பொருள். 1936-ஆம் ஆண்டு முதல் ஆங்கில ஆராய்ச்சியாளர் குவாரிச்சு வேல்சு இப்பள்ளத்தாக்கில் அகழ்ந்து பல கட்டடங்களின் அடித்தளங்களைக் கண்டார். இக்கோயிலின் அடித்தளம் 1960-ஐ ஒட்டிச் சீர்செய்து நிறுத்தப்பெற்றது. மரத்தால் அமைந்த தூண்களும் கூரையும் என்றோ அழிந்தன. தூண் நின்ற கற்களே எஞ்சின.

அக்கல்மேடைமீது நின்று நான் நண்பருக்கு ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். பட்டினப்பாலை கூறும் காழகம் கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரை எழுதியதைச் சொன்னேன். கடாரத்து அரசன் இராசராச சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எடுப்பித்ததையும், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பெற்றதையும் சொன்னேன். நட்பு நிலைக்காமற் போக, இராசராசன் மகன் இராசேந்திரன் 1025-ஐ ஒட்டிக் கப்பற்படை செலுத்திக் கடாரம் கொண்டதையும், அவன் வென்ற ஊர்களின் பெயரெல்லாம் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லில் பொறிக்கப்பெற்றதையும் விரித்துரைத்தேன். அவ்வூர்களின் பெயர்களை ஒன்று விடாமல் வரிசையாக ஒப்பித்தேன். நண்பர் புன்முறுவலுடன் கேட்டுக்கொண்டிருந்தார்.

நண்பகல் உணவுக்கு அவர் தம் தாயார் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். சுங்கை பட்டாணிக்கு அருகில் ஒரு தோட்டம். இரப்பர் மரங்கள் பலவற்றை அழித்துச் செம்பனை நட்டிருந்தனர். பழைய லயத்து வீடுகள் சிலவே எஞ்சியிருந்தன. அவற்றுள் ஒன்றில் அம்மூதாட்டியார் இருந்தார். இளமை முதல் விடியற்காலையில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டியவர். அவர் அன்போடு படைத்த சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் உண்டேன். உண்ணும்போதும் என் பேச்சு ஓயவில்லை. "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் அரசன் இங்கே கப்பலில் வந்தான், அம்மா" என்றேன்.

அவர் என்னைச் சற்று நேரம் நோக்கினார். பின்பு சொன்னார்: "வாத்தியார் ஐயா, அந்த ராசா கப்பலில் வந்தார், வந்த வேலை முடிந்ததும் திரும்பிப் போனார். நாங்களும் கப்பலில்தான் வந்தோம். எங்களில் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? அவருக்குக் கல்லில் எழுத்து இருக்கிறது என்கிறீர்கள். என் அண்ணனுக்கு எங்கே இருக்கிறது?"

நான் உண்பதை நிறுத்தினேன். அவர் தம் அண்ணன் கதையைச் சொன்னார். 1943-ஆம் ஆண்டு. சப்பானியர் ஆட்சி. தோட்டத்திற்கு லாரிகள் வந்தன. சயாமில் மூன்று மாத வேலை, அதன்பின் வீடு என்று சொல்லி ஆண்களை ஏற்றினர். பத்தொன்பது வயதான அண்ணன் தன் மரம் வெட்டும் கத்தியைக் கூரைச் செத்தையில் செருகிவிட்டுப் போனான். "மூன்று மாதம் என்றதனால் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி வைத்தான்" என்றார் அவர். அவன் திரும்பவில்லை.

அப்பொழுதுதான் தந்தையார் சொன்ன சொல் என் நெஞ்சில் தைத்தது. இரண்டாண்டுக்கு மேலாக மலையும் கோயிலும் சுற்றிய நான், ஒருவரிடமேனும் பெரியப்பாவைப் பற்றிக் கேட்டேன் அல்லேன். நாணத்தோடு, "என் பெரியப்பாவும் 1937-இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிக் கெடாவிற்கு வந்தவர், அம்மா. போருக்குப்பின் அவரிடமிருந்து மடல் இல்லை" என்றேன்.

"எந்தத் தோட்டம், ஐயா?" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. இராசேந்திரன் வென்ற ஊர்களின் பெயரெல்லாம் அறிந்த எனக்கு, என் பெரியப்பா உழைத்த தோட்டத்தின் பெயர் தெரியவில்லை.

அன்றிரவே தந்தையார்க்கு எழுதிக் கேட்டேன். இரண்டு வாரத்தில் மறுமொழி வந்தது. அண்ணன் எழுதிய மடல்கள் ஒரு பெட்டியில் இருந்தன என்றும், 1952-ஆம் ஆண்டு நாகையைத் தாக்கிய புயலில் வீட்டோடு அப்பெட்டியும் போயிற்று என்றும் எழுதியிருந்தார். என் பாட்டியை நினைத்தேன். அவர் 1971-இல் மறைந்தார். பொங்கல்தோறும் மூத்த மகனுக்கென ஒரு வேட்டி வாங்கி மடித்து வைப்பார். "வந்தவுடன் உடுத்தத் துணி வேண்டாமா?" என்பார். அவனை இறந்தோருள் எண்ணுதற்கு அவர் இசையவில்லை. அதனால் ஆடி அமாவாசையன்று முன்னோர்க்குக் கடன் ஆற்றும் என் தந்தையார் அண்ணன் பெயரைச் சொல்வதில்லை. தாயார் மறைந்த பின்னும் சொன்னதில்லை.

அவ்வாண்டின் இறுதி விடுமுறையை நான் சயாமில் கழித்தேன். அந்நாளில் பட்டர்வொர்த்திலிருந்து பாங்காக்குக்கு நேர்வண்டி ஓடியது. பிற்பகலில் ஏறி, இரவெல்லாம் பயணம் செய்து, மறுநாள் பாங்காக்கை அடைந்து, அங்கிருந்து காஞ்சனபுரி சென்றேன். சயாமையும் பர்மாவையும் இணைக்கச் சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர்ப் பாதை அவ்வழியே செல்கின்றது. 1942-இல் தொடங்கிய அவ்வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. காடும் மலையும் ஊடறுத்து ஓராண்டுக்குச் சற்று மிகுதியான காலத்தில் அதனை முடித்தது மனித உடல்களைக் கொண்டே. காலராவாலும் பசியாலும் அடியாலும் மடிந்தோர் பலர். போர்க்கைதிகளுள் பன்னீராயிரவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் அவர்களினும் பல மடங்கு. அவருள் மலாயாத் தோட்டங்களினின்று சென்ற தமிழர் மிகப் பலர்.

நகரின் நடுவே போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் உள்ளது. ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள். புல் ஒழுங்காக வெட்டப்பெற்று, கல்தோறும் பெயரும் வயதும் பொறிக்கப்பெற்றுள்ளன. இருபத்திரண்டு, இருபத்தைந்து என்று அவ்வயதுகளைப் படித்துக்கொண்டே நடந்தேன். அவர்களும் எவரோ தாயர் காத்திருந்த பிள்ளைகளே. அவர்க்குப் பெயர் எழுதிய கைகளை வாழ்த்தினேன். அருகிலே ஒரு புத்தர் கோயில்; அங்கே ஆசியத் தொழிலாளரின் எலும்புகளைத் திரட்டி அடக்கம் செய்து எழுப்பிய நினைவுத் தூபியைக் கண்டேன். ஆயிரக்கணக்கானோர்க்கு ஒரே தூபி. அதில் தனிப்பெயர் இல்லை. பெரியப்பா அவருள் ஒருவரோ அல்லரோ, யார் அறிவார்? நான் அவர் பெயரை வாய்விட்டு ஒருமுறை சொன்னேன். அம்மூதாட்டியாரிடம் கேட்டறிந்திருந்த அவர் அண்ணன் பெயரையும் சொன்னேன்.

நாடு திரும்பியதும் தந்தையாரிடம் கண்டதனைத்தையும் கூறினேன். "பெரியப்பா பெயரை எங்கும் காணவில்லை, அப்பா, ஆனால் அவர் போன்றவர்கள் கிடக்கும் இடத்தைக் கண்டேன்" என்றேன். அவர் ஒன்றும் கூறவில்லை. 1999-ஆம் ஆண்டு ஆடி அமாவாசை வந்தது. நாகைக் கடற்கரையில் நீரில் நின்று முன்னோர் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தவர், இடையே சிறிது நிறுத்தினார். பின்பு தம் அண்ணன் பெயரைச் சொல்லி நீரை விட்டார். ஐம்பத்தாறு ஆண்டுகள் அவர் சொல்லாத சொல் அது. கரையேறிய பின், பாட்டியார் சேர்த்து வைத்த வேட்டிகளைக் கோயில் வாயிலில் இருந்த முதியோர்க்கு வழங்கச் சொன்னார்.

2023-ஆம் ஆண்டில் மலேசியத் தமிழர்கள் காஞ்சனபுரிப் புத்தர் கோயிலில் அத்தொழிலாளர்க்கு ஒரு நடுகல் நாட்டினர் என்னும் செய்தியைப் படித்தேன். போரில் பட்ட வீரர்க்குக் கல் நடுவது தமிழர் பழைய மரபு. உழைத்து மடிந்தவரும் அக்கல்லுக்கு உரியவர் என்பதை உணர்த்தினர் அவர்கள். அச்செய்தியைக் கேட்க என் தந்தையார் இல்லை.

மாணவர்களே, நீங்களும் விடுமுறையில் பல ஊர்களுக்குச் செல்வீர்கள். கோயிலையும் கோட்டையையும் காணுங்கள். கல்லில் உள்ள எழுத்தைப் படியுங்கள். அரசர் பெயரை அறிந்துகொள்ளுங்கள். அதனோடு உங்கள் இல்லத்து முதியோரிடம் சென்று, நம் குடும்பத்தில் வெளியூர் சென்றவர் எவர், அவர் சென்ற இடத்தின் பெயர் யாது என்று கேட்டு ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய காலத்தில் நான் கேட்கவில்லை. உங்களுக்கு இன்னும் காலம் இருக்கின்றது.