தலைக்கு ஊத்துன நாள்

தேரடித் தெரு பக்கம் போகும்போதெல்லாம் கண் அந்த மாடிப்படியைத் தேடும். மேலே இப்போது செல்போன் கடை. அப்போது டாக்டரம்மாவின் கிளினிக். செங்கம் பஸ்ஸும் தண்டராம்பட்டு பஸ்ஸும் வந்து நின்ற கால் மணி நேரத்தில் படி முழுக்கப் பெண்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

1989 செப்டம்பரில் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அதற்குப் பிந்தைய கோடை ஒன்று. ஊரில் மருத்துவக் கல்லூரி வரும் என்று யாரும் நினைத்திராத காலம். சென்னையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நான் லீவுக்கு வந்திருந்தேன். "வீட்ல சும்மா இருக்காம எங்கிட்ட வந்து உட்காரு" என்றார் டாக்டரம்மா.

எனக்குக் கொடுத்த வேலை சீட்டு எழுதுவது. பெயர், வயது, எத்தனாவது பிள்ளை, கடைசியாகத் தீட்டான தேதி. முதல் மூன்றையும் எழுதிவிடுவேன். நான்காவதில் பேனா நின்றுவிடும். தேதி சொன்னவர்கள் குறைவு. "தீபத்துக்கு மறுநாள் தலைக்கு ஊத்துனேன்" என்பார் ஒருவர். "பங்குனி பௌர்ணமிக்கு மலை சுத்திட்டு வந்தேன், அன்னிக்கே ஆயிட்டேன்" என்பார் இன்னொருவர். "மலைமேல தீபம் எரிஞ்சிகினு இருந்துச்சு" என்றார் ஒருத்தி. அது எரிவதோ பதினொரு நாள். எந்த நாள் என்று எழுதுவது?

நர்ஸக்கா சிரித்துக்கொண்டே அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டை எடுத்தார். பழைய மாதக் காலண்டர்கள், மூன்று வருஷத்தவை, சணலில் கட்டியவை. கார்த்திகை தீபம் வருஷா வருஷம் ஒரே இங்கிலீஷ் தேதியில் வருமா என்ன? அதனால் ஒன்றையும் எறிவதில்லை.

தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்தவள்தான் அந்தத் 'தீபத்துக்கு மறுநாள்'காரி. இரண்டு தங்கவில்லை, இது மூன்றாவது. பேச்சுக்கு அந்த நாளை டிசம்பர் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானிய மருத்துவர் நேகலே பெயரில் வழங்கும் பிரசவத் தேதிக் கணக்கு எனக்கு மனப்பாடம். ஏழு நாள் கூட்டு, மூன்று மாதம் கழி. செப்டம்பர் 10 என்று எழுதினேன்.

"பாப்பா, தலைக்கு ஊத்துனது மூணாம் நாளு. ரெண்டு நாள் பின்னால போ" என்றார் நர்ஸக்கா.

கணக்கு தொடங்க வேண்டியது தீட்டான முதல் நாளிலிருந்து. அவர்கள் நினைவில் நிற்பதோ குளித்து உள்ளே வந்த நாள். திண்ணையில் ஒதுங்கியிருந்த இரண்டு நாளை அவர்கள் எண்ணுவதில்லை. இதை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. அடித்துவிட்டு 8 என்று திருத்தினேன்.

அவள் டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இடுக்குப் பிள்ளையார்ல பூந்து வந்தேம்மா." கிரிவலப் பாதையில் உடம்பைக் குறுக்கி நுழைந்து வரும் அந்தச் சின்னக் கோயில். நான் சிரிப்பை அடக்கினேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பூந்துட்டியா, நல்லது. சத்து மாத்திரையையும் நிறுத்தாம சாப்பிடு" என்றபடி அலுமினியக் குழலை அவள் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார். முதலில் என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. அப்புறம் அதற்கும் அடியில், தலையணைக்குள் வைத்த கடிகாரம் போல, வேகமாக ஒன்று.

அந்தக் கார்த்திகையில் ஏழாம் நாள் தேருக்கு ஊருக்கு வந்திருந்தேன். பெண்களே வடம் பிடிக்கும் அம்மன் தேருக்காக மாட வீதியில் காத்திருந்தபோது, வேண்டுதல் பலித்தவர்கள் கரும்புத் தொட்டிலோடு போய்க்கொண்டிருந்தார்கள். புடவைத் தூளியின் முன்முனையைத் தோளில் தாங்கி வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"நீ சொன்ன தேதி தப்பு பாப்பா. ஆவணி அமாவாசைக்கே பொறந்துட்டான்!"

கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போனது. ஆவணி அமாவாசை என்றால் என்ன தேதி என்று எனக்குத் தெரியவில்லை. காலண்டர் கட்டு மாடியில் இருந்தது.

இப்போது என்னிடம் வருகிறவர்கள் செல்போனை நீட்டுகிறார்கள். தேதி அதில் இருக்கிறது. மூன்றாம் மாத ஸ்கேன் சிசுவின் நீளத்தை அளந்து நாளைச் சொல்லிவிடுகிறது. எங்கள் கணக்கைவிட அது துல்லியம், மறுப்பதற்கில்லை. ஆனாலும் எப்போதாவது வயதான ஒருத்தி, "தீபத்துக்கு மறுநாள்லேர்ந்து வலிம்மா" என்று சொல்லிவிட்டால், கை தானாக அலமாரிக்குப் பின்னால் போகிறது.