உத்தமபாளையம் பாறையும் ஒரு கவராயமும்

சிலமலைக்காரர்களிடம் போய் "ட்ரெக்கிங் போனதுண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். விடியறதுக்கு முன்னாடியே ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு ரோட்டில் ஏற ஆரம்பித்துவிடும். கூலிக்காகத் தினமும் ஏறுகிற மலையில், காசு கொடுத்து ஏற ஒரு கூட்டம் சென்னையிலிருந்து வருகிறது என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

இந்தக் கட்டுரையின் நாயகனும் அந்த ஊர்தான். பி.காம். மூன்றாம் வருடம். அம்மா அந்த ஜீப்புகளில் ஒன்றில் போகிறவர். பேர் வேண்டாம். அது ஏற்கெனவே ஓர் இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அது போதும்.

எல்லாம் ஒரு போட்டோவில் ஆரம்பித்தது. கூடப் படிக்கும் ஒருவனின் அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார். நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்புகர்க்கி என்று ஒரு நகரம். அதை ஒட்டிய பாலைநிலத்தில், எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கற்களில், பழங்குடி மக்கள் சுமார் 25,000 உருவங்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். சுருள், பறவை, கை, முகமூடி என்று என்னென்னவோ. பெரும்பாலானவை 1300-க்கும் 1680-க்கும் இடைப்பட்டவை. கல்லின் மேல்தோல் காலப்போக்கில் கறுத்திருக்கும். அதைக் கொத்தினால் உள்ளே வெளிறிய நிறம் தெரியும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். 1990-லிருந்து அது தேசிய நினைவிடம். செருப்புப் போட்டுக்கொண்டே நடந்து பார்த்துவிட்டு வரலாமாம். அண்ணன் நாற்பது போட்டோ அனுப்பியிருந்தார்.

"இந்த மாதிரி நம்ம பக்கம் எதுவுமே இல்லடா" என்றான் ஒருவன்.

இன்னொருவன் கொழுக்குமலை போகலாம் என்றான். போடிக்காரர்கள் யாரும் அந்தப் பேரை இப்போது சாதாரணமாகச் சொல்வதில்லை. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. காய்ந்த புல், சரிவு, காற்று. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வருடமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள். 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை அறிவித்து, ஆன்லைனில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல விஷயம். ஆனால் மாதக் கடைசியில் பி.காம். மாணவன் பர்ஸில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியில் மூன்றாமவன் சொன்னான்: "உத்தமபாளையம் போவோம். பஸ் டிக்கெட் மட்டும்தான் செலவு. பாறையில சாமி சிலை எல்லாம் செதுக்கியிருக்கும்."

நம் ஆள் வாயே திறக்கவில்லை. அவன் அங்கே ஏற்கெனவே போயிருக்கிறான். ஒன்பதாம் வகுப்பில், பள்ளிச் சுற்றுலாவில்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ். மேற்கில் மலை கூடவே வரும். அந்தப் பக்கம் இடுக்கியில் கொட்டுகிற தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கம் சாரலாகத் தெறிப்பதோடு சரி. அதனால் சிலமலையிலிருந்து தேவாரம் வரை முள்ளும் கரடும் மானாவாரி நிலமும்தான் அதிகம். பாலைவனம் என்று சொல்ல முடியாது, ஆனால் சித்திரை வெயிலில் அங்கே நடந்து பார்த்தவர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள்.

பொட்டிப்புரம் பக்கம் போகும்போது பேச்சு எரிமலைக்குத் திரும்பியது. இந்த மலைகளும் எரிமலை கக்கியதுதான் என்று ஒருவன் அடித்துச் சொன்னான். இல்லை. இது சார்னோகைட். பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருவான பாறை. வெந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பேர் வந்த கதைதான் வேடிக்கை. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக் கல் இந்த வகை. அதைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-ல் பாறைக்கே அவர் பேரை வைத்தார். ஆக, சென்னை பல்லாவரம் மலையும் போடி மலையும் ஒரு வெள்ளைக்காரர் சமாதியின் பேரைச் சுமந்துகொண்டிருக்கின்றன! இந்தப் பாறையின் உறுதியை நம்பித்தான் நியூட்ரினோ ஆய்வகத்துக்குப் பொட்டிப்புரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அனுமதிக்க மாட்டோம் என்று தமிழக அரசு 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. அது தனிக் கதை.

உத்தமபாளையத்தில் இறங்கினால் காட்சி மாறிவிடும். பெரியாற்றுத் தண்ணீர் புண்ணியத்தில் வயல்கள். ஊர் ஓரத்தில் ஒரு குன்று, கருப்பணசாமி குன்று என்பார்கள். மூச்சு வாங்குகிற அளவுக்கெல்லாம் ஏற வேண்டியதில்லை. பாறையின் முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். தலைக்கு மேல் பாம்பு படம் எடுத்திருந்தால் பார்சுவநாதர். மற்றவர்கள் முக்குடைக்குக் கீழே. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சமணச் சிற்பங்கள். அவற்றின் அடியில் வட்டெழுத்தில் எழுதியிருக்கிறது.

வட்டெழுத்து தமிழ்தான். தமிழ்ப் பிராமியிலிருந்து வளர்ந்து பாண்டிய நாட்டில் பல நூற்றாண்டு புழங்கியது. சோழர்கள் பாண்டிய நாட்டைப் பிடித்த பிறகு இன்று நாம் எழுதுவதன் முன்னோடி எழுத்து பரவ, இது மெல்ல மறைந்தது. மொழி நம்முடையது, ஆனால் எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க முடியாது. அப்படி ஒரு நிலை.

அந்த எழுத்துகளில் பெரும்பாலும் இருப்பது பேர்கள். யார் செய்வித்தது, யாருடைய மாணவர் என்று. அச்சணந்தி என்ற துறவியின் பேர் இங்கே உண்டு. மதுரை ஆனைமலை, சமணர் மலை, குமரி மாவட்டத்துச் சிதறால் என்று அவர் பேர் பொறித்த பாறைகள் ஏகப்பட்டவை. இன்னும் பின்னால் போனால், ஆண்டிபட்டி பக்கம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006-ல் கண்டெடுத்த நடுகற்கள். தமிழ்ப் பிராமி எழுத்துள்ளவை, கிறிஸ்துவுக்கு முற்பட்டவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒரு கல்லில் கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு பிடிக்கும் பூசலில், செத்துப்போன ஒருவனின் பேர் இருக்கிறது. அந்தவன். (கூடல் ஊர் என்றதும் கம்பத்துக்காரர்கள் "நம்ம கூடலூர்" என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.) ஒரு மாட்டுச் சண்டை, ஒரு சாவு, ஒரு பேர். தொல்காப்பியத்தில் இருக்கும் ஆகோள் என்ற சொல்லைக் கல்லில் காட்டியவன் அவன்தான்.

மற்ற இருவரும் செல்பி எடுத்துக்கொண்டிருந்தபோது நம் ஆள் மெதுவாகப் பாறையின் ஓரத்துக்குப் போனான். சிற்பங்களுக்கு மேல் இல்லை, தள்ளித்தான். இருந்தது. அவன் பேரும், அன்று கூட இருந்த கூட்டாளி பேரும், நடுவில் ஒரு கூட்டல் குறி. ஜியாமெட்ரி பாக்ஸ் கவராயத்தால் மாற்றி மாற்றிக் கீறியது. முக்கால் மணி நேரம் ஆனது. சார் பஸ்ஸில் ஆள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அன்று கவனிக்காத ஒன்று இன்று கண்ணில் பட்டது. அவன் பேரின் முதல் எழுத்துக்குக் கீழே ஒரு வளைவு. பக்கத்தில் இன்னொன்று. பழைய எழுத்தின் மிச்சமா, மழைத் தண்ணீர் அரித்ததா? விரலால் தடவிப் பார்த்தான். கவராயம் கீறியது கூராக இருந்தது. அந்த வளைவு வழவழவென்று இருந்தது. கீறல் அதை வெட்டிக்கொண்டு போயிருந்தது.

கோயில் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"எல்லாப் பயலும் பேர எழுதிட்டுப் போறாய்ங்க. ஒருத்தனும் திரும்பி வந்து பாக்க மாட்டேங்குறாய்ங்க தம்பி."

"இது பழைய எழுத்துங்களாய்யா?" வளைவைக் காட்டிக் கேட்டான்.

"எனக்கு என்னப்பா தெரியும்? படிச்ச பிள்ளை நீ சொல்லு."

திரும்பும் பஸ்ஸில் செல்போனில் வட்டெழுத்து அட்டவணை ஒன்றைத் தேடி எடுத்து, தான் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு பக்கம் பார்த்தால் 'ய' மாதிரி. சாய்த்துப் பார்த்தால் எதுவுமே இல்லை. வெட்டுப்பட்ட இடத்தில்தான் எழுத்தை எழுத்தாக்கும் கோடு இருந்திருக்க வேண்டும், அப்படி ஒன்று இருந்திருந்தால். பக்கத்தில் இருந்தவன் "கணக்குப் பதிவியல் பரீட்சைக்கு இப்படிப் பார்த்திருந்தா அரியரே இருக்காதுடா" என்றான்.

ராத்திரி அந்தக் கூட்டாளிக்குப் போன் போட்டான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, இப்போது பூப்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை. சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும்.

"உத்தமபாளையம் போயிருந்தேன்டா."

"டேய்! நம்ம பேரு இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"அழியாம இருக்கா? ரெண்டு பேர் பேருமா?" அந்தப் பக்கம் அவன் பக்கத்தில் இருந்த யாரிடமோ சொல்வது கேட்டது: "பாறையில நம்ம பேரு இருக்குண்ணே, நான் சொன்னேன்ல."

வளைவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான். சிக்னல் போய்விட்டது.