சர்ச்சு ஹாலும் ஒரு தராசும்

கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்க ஊர். முழுக்கக் கரிசல். மழை பெஞ்சாத்தான் வெள்ளாமை. மக்காச்சோளம், உளுந்து, பாசி போடுவோம். சர்ச்சை நாங்க கோயில்னுதான் சொல்லுவோம். அதை ஒட்டி ஒரு ஹால் இருக்கு. சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம், மாசம் ரெண்டு சனிக்கிழமை பிரஷர், சுகர் பார்க்கிறது, அப்பப்போ விவசாயக் கூட்டம். எந்தச் சாமி கும்பிடுறவங்களும் வரலாம். எட்டு வருஷமா அதோட கணக்கை நான் எழுதுறேன்.

இப்போ சபையில ஒரு பேச்சு ஓடுது. ஹாலைக் கல்யாண மண்டபமா மாத்தி வாடகைக்கு விட்டா, வர்ற பணத்துல கோபுரம் கட்டலாம்னு. சொல்றவங்க நல்லவங்கதான். ஆரம்பத்துல வெளியூர்ல இருந்து ஒரு அமைப்பு பணம் குடுத்துச்சு, பிறகு நிறுத்திட்டாங்க. "கைக்காசை வச்சு எத்தனை நாளைக்குப்பா இழுப்பீங்க?"ன்னு பெரியவங்க கேக்குறாங்க. நியாயமான கேள்வி.

மாசச் செலவு 5,500 ரூபாய். காலேஜ் முடிச்ச ரெண்டு பொண்ணுங்க பாடம் எடுக்கிறாங்க, ஆளுக்கு 2,000. மீதி கரண்டு பில், சாக்பீஸ், சுகர் பார்க்கிற ஸ்டிரிப். வரவுன்னா முதல்ல கைப்பிடி அரிசி. சோறு பொங்கும்போது பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியா எடுத்து வச்சு, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவாங்க. அதை ஏலம் விடுவோம். அப்புறம் தார்ப்பாய், ஸ்பிரேயர் வாடகை. துண்டு விழுறதை அறுப்பின் பண்டிகை ஏலம் சரிக்கட்டும். போன வருஷம் ஒரு பூசணிக்காய் 900 ரூபாய்க்குப் போச்சு. எடுத்தவர் மேலத்தெருவுல அம்மன் கோயில் கொடையை முன்னால நின்னு நடத்துறவர். அவர் பேத்தி எங்க ஹாலில்தான் படிக்குது.

அடுத்தது தராசு. முன்னெல்லாம் வியாபாரி கொண்டுவர்ற தராசுலதான் எடை. நாங்க ஹாலுக்குன்னு ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கினோம். முதல் வருஷமே மூட்டைக்கு 2 கிலோ வித்தியாசம் தெரிஞ்சது. சனிக்கிழமை எடை போடும்போது எட்டாப்புப் பிள்ளைங்க நோட்டுல எழுதிப் பெருக்கி விலை சொல்லும். போர்டுல புரியாத தசமம் மூட்டைக்கிட்ட புரியுது. மூட்டையோட காத்துக்கிடக்கிற ஆம்பளைங்க கையை நீட்டச் சொல்லி நர்ஸம்மா பிரஷர் பார்த்துருவாங்க. தனியா முகாம்னு போட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க. அப்படித்தான் ஒரு அண்ணாச்சிக்கு 190/110 இருந்தது தெரிஞ்சது. அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். இப்பவும் அங்க இலவசமா மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டு உழவுக்குப் போறார்.

2018-ல மக்காச்சோளத்துல படைப்புழு விழுந்தப்போ ஊரே ஆடிப்போச்சு. வேளாண்மைத் துறையில இருந்து வந்தவர் இந்த ஹாலில் உட்கார்ந்துதான் விளக்கினார். கோடை உழவு போட்டுக் கூட்டுப்புழுவை வெயில்ல காட்டணும். கடைசி உழவுல ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு. வரப்புல தட்டைப்பயறு. ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி. ஆனா ஒருத்தர் மட்டும் செஞ்சா பலன் கம்மி. தாய் அந்துப்பூச்சி பக்கத்துக் காட்டுல இருந்து பறந்து வந்துரும். ஊரே சேர்ந்து செய்யணும்னா, சேர்ந்து உட்கார ஒரு இடம் வேணும். டீக்கடை அதுக்கு ஆகாது. அங்க பெண்கள் உட்காரமாட்டாங்க. களையெடுக்கும்போது இலையில முட்டைக் குவியலை முதல்ல பார்க்கிறது அவங்கதானே!

இதெல்லாம் நாங்க புதுசா கண்டுபிடிச்சது இல்லை. இந்தத் தென்மாவட்டச் சபைகளுக்கு இது பழைய வழக்கம். நாசரேத்துல மர்காசிஸ் ஐயர் 1876-ல வந்து 1908-ல இறக்கிறவரைக்கும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கைத்தொழில் மூணையும் சேர்த்தே நடத்தினார். ஒண்ணை ஒண்ணு தாங்கும்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு.

மண்டபம் வந்தாலும் வாரநாள்ல பாடம் நடத்தலாமேன்னு சிலபேர் சொல்றாங்க. காலண்டரைப் பாருங்க. முகூர்த்தம் நிறைய வர்றது தை, மாசி, பங்குனி. எங்களுக்கு மக்காச்சோளம் அறுத்து எடை போடுறது தை, மாசியில. பத்தாப்பு, பன்னெண்டாப்புப் பரீட்சை மாசி, பங்குனியில. ஹால் ரொம்பத் தேவைப்படுற நாளும் வாடகைக்குப் போற நாளும் ஒண்ணுதான். ஒரு வருஷம் தராசை மூலையில தள்ளினா வியாபாரி பழைய தராசோட வந்து நிப்பார். பிள்ளைங்க கலைஞ்சு போச்சுன்னா திரும்பக் கூட்டுறது லேசு இல்லை.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு கூட்டம். எட்டு வருஷக் கணக்கு நோட்டையும் எடை நோட்டையும் மேசை மேல வைக்கப்போறேன். கோபுரம் வேண்டாம்னு சொல்லமாட்டேன். அதுக்கு வேற வழி பார்ப்போம்னு சொல்லுவேன்.

பட்டணத்துல இருக்கிற நீங்க உங்க ஊருக்கு வரும்போது, இப்படி ஒரு ஹால் இருந்தா ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு இங்கிலீசோ கணக்கோ சொல்லிக்குடுங்க. எங்க நோட்டுல அதையும் வரவுலதான் எழுதுவோம்.