மணாலி–லே சாலையும் மிதிவண்டியை மாற்றும் கேள்வியும்

மணாலியிலிருந்து லே வரை ஏறத்தாழ 470 கிலோமீட்டர் நீளும் பழைய மலைச்சாலையை மிதிவண்டியில் கடக்க விரும்புவோர், கோடையில் பனி அகற்றப்பட்டுப் பாதை திறப்பதற்குப் பல மாதங்கள் முன்பே, கையிலிருக்கும் மலை மிதிவண்டி போதுமா, உயர்ந்த ஒன்றை வாங்க வேண்டுமா என்று யோசிக்கத் தொடங்கிவிடுகின்றனர். இதற்கான விடையை அந்தச் சாலையே தருகிறது. அதைக் கேளாமல் விலையை மட்டும் பார்த்து வாங்குவோர், தேவையற்ற உறுப்புக்குப் பணம் கொடுத்துத் தேவையானதைத் தவறவிடுகின்றனர்.

பாரலாச்சா லா, லாச்சுங் லா, 5,328 மீட்டர் உயரமுள்ள தங்லங் லா ஆகிய கணவாய்களை ஏறிக் கடக்கும் இச்சாலையில், சர்ச்சுவைத் தாண்டியதும் 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காட்டா வளைவுகள் வருகின்றன. 5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியைச் சற்றே தாண்டுவதால், சமவெளியில் எளிதாகத் தோன்றும் ஏற்றமும் அங்கே மூச்சை வாங்கிவிடுகிறது. ஆகவே முதலில் ஆராய வேண்டியது மிகத் தாழ்ந்த கியர், அதாவது பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி மிகக் குறைந்த தொலைவு நகரும் பற்சக்கர இணை. முன்னே 24 பற்களும் பின்னே 28 பற்களும் கொண்ட 26 அங்குல மலிவு வண்டி ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் நகர்கிறது. அதையே 22க்கு 34 என மாற்றினால் 1.3 மீட்டராகக் குறைகிறது. முன்னே 32 பற்கள் கொண்ட ஒற்றைச் சக்கரமும் பின்னே 51 பற்கள் வரை 12 அடுக்குகளும் உடைய 29 அங்குலப் புதிய வண்டியோ 1.4 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவே நகர்கிறது. இப்படிப் பற்சக்கரம் மாற்றிய பழைய வண்டியோடு ஒப்பிட்டால், புதியது கியர் மாற்றுவதை எளிதாக்குகிறதே ஒழிய ஏற்றத்தை எளிதாக்குவதில்லை என்பதைப் பலர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

பின்சக்கரத்திற்கும் அதிர்வுதாங்கி உடைய முழு சஸ்பென்ஷன் வண்டி, பாறைகளிலும் குதிப்புகளிலும் சிறந்து விளங்குவது உண்மையே. எனினும் தார், சரளை, பனியுருகிப் பிற்பகலில் பெருகும் ஓடைகள் என மாறிமாறி வரும் இச்சாலையில் அது கூடுதல் எடையாகவே அமைகிறது. மேலும் வழக்கமான சுமைதாங்கிக் கம்பியை அதில் பொருத்துவது கடினம். கூடாரமும் உடைகளும் சுமந்து மோரே சமவெளியின் எதிர்காற்றில் செல்பவருக்கு முன்புற சஸ்பென்ஷனும் அகன்ற டயருமே போதும்.

உண்மையான ஆபத்து பின்சக்கரத்தில் உள்ளது. பற்சக்கரத் தொகுதியைச் சக்கர மையத்தில் திருகிப் பொருத்தும், மலிவு வண்டிகளின் ஃப்ரீவீல் அமைப்பில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி அமைவதால், சுமையும் குழிகளும் சேர்ந்து அச்சை வளைத்துவிடுகின்றன. பற்சக்கரங்களை மையத்தின் மேல் செருகும் கேசட் அமைப்பில் பேரிங் வெளிப்புறத்தை ஒட்டி அமைவதால் அச்சுக்குத் தாங்கும் வலிமை கூடுகிறது. கேலாங்கைத் தாண்டினால் லே வரை மிதிவண்டிக் கடையை நம்பிச் செல்ல இயலாத இப்பாதையில், நல்ல சக்கரத்திற்குச் செலவிடும் பணமே மிகப் பயனுள்ளது.

முதலில் உறுப்புகள், பிறகே முழு வண்டி: மலை மிதிவண்டியின் வரலாறும் இதே வரிசையில்தான் நிகழ்ந்தது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டச் சரிவுகளில் பழைய பலூன் டயர் வண்டிகளின் பின்பிரேக்கிலிருந்த கிரீஸ் கருகியதால் அங்கிருந்தோர் டிரம் பிரேக்கையும் கியரையும் பொருத்திக்கொண்டனர். பழைய வண்டிகளின் சட்டங்களே (ஃபிரேம்) ஈடுகொடுக்காத நிலையில்தான் 1977இல் ஜோ பிரீஸ் அப்பயன்பாட்டிற்கெனப் புதிய சட்டத்தைச் செய்யத் தொடங்கினார்.

ஆகவே தங்லங் லாவிலிருந்து உப்ஷி வரை ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்கும் சரிவில், சேற்றிலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கைப் பொருத்த இடமில்லாத சட்டமோ, ஓட்டுபவரின் உயரத்திற்குப் பொருந்தாத சட்டமோ கையிலிருந்தால் மட்டுமே வண்டியை முழுதாக மாற்றுவது தகும். அவ்வாறு மாற்றுபவர் சுமைதாங்கிக்குத் துளைகளும் கேசட் சக்கரமும் உள்ள, முன்புற சஸ்பென்ஷன் மட்டுமே கொண்ட வண்டியைத் தேர்ந்து, சுமையேற்றிச் சில வாரங்களாவது ஏற்றங்களில் ஓட்டிப் பார்க்கும் அளவுக்கு முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.