பச்சை டிக்னா பத்திரம்னு அர்த்தமா?

எங்க தொழில்ல 'இன்ட்யூட்டிவ்'னு ஒரு வார்த்தை இருக்கு. அர்த்தம் கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. ஆனா எல்லா மீட்டிங்லயும் வந்துடும். "யூஐ இன்ட்யூட்டிவா இருக்கணும்ப்பா"ன்னு டேமேஜர் சொல்லுவார் (எழுத்துப்பிழை இல்லை மக்களே, மேனேஜரைத்தான் சொல்றேன் :-)). உடனே ஸ்கிரீன்ல இருக்குற ஏழு பட்டன்ல நாலைத் தூக்குவாங்க. பட்டன் குறைஞ்சா இன்ட்யூட்டிவ். அவ்ளோதான் கணக்கு.

ஒரு வருசமா மொபைல் பேக்கப் ஆப் ஒண்ணுலதான் ஆணி புடுங்கிட்டு இருக்கேன். மத்த ஆப்புக்கு இந்தக் கணக்கு சரிப்படலாம், பேக்கப்புக்குச் சரிப்படாது. ஏன்னா, சாப்பாடு ஆர்டர் பண்ற ஆப் சொதப்பினா அரை மணி நேரத்துல தெரிஞ்சிடும். இட்லிக்குப் பதிலா பரோட்டா வந்து நிக்கும், போன் போட்டுக் கத்தலாம். பேக்கப் ஆப் சொதப்பினா போன் தொலையுற அன்னிக்குத்தான் தெரியும். அது ரெண்டு வருசம் கழிச்சும் இருக்கலாம். அதுவரைக்கும் அந்த மனுசனுக்கு இருக்குற ஒரே ஆதாரம் ஸ்கிரீன்ல நாம என்ன எழுதுறோமோ அதுதான்.

ஜேக்கப் நீல்சன் 1994ல யூஐக்குப் பத்து விதி சொன்னார். முதல் விதியே, உள்ள என்ன நடக்குதுன்னு ஆளுக்குத் தெரியணும்ங்கறதுதான். பேக்கப் ஆப்புக்கு இதை மூணு கேள்வியா பிரிக்கலாம்னு தோணுது.

முதல் கேள்வி: எதெல்லாம் பத்திரமா இருக்கு, எதெல்லாம் இல்லை?

மதுரைல எங்க சித்தி போன வருசம் புது போன் வாங்குனாங்க. பழசை அழிச்சு எக்ஸ்சேஞ்சுல குடுத்தாச்சு. ரெண்டு நாள் கழிச்சு எனக்குப் போன். "டேய், உங்க சித்தப்பா அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாம் எங்கடா போச்சு?" சித்தப்பா தவறி அப்ப எட்டு மாசம். "மார்க்கெட்ல நிக்கிறேன், கொத்தமல்லி வேணுமா புதினா வேணுமா"ங்கற மாதிரிதான் எல்லாமே. ஆனா அவர் குரல்னு மிச்சம் இருந்தது அது மட்டும்தான். அவங்க போன்ல இருந்தது போட்டோவை மட்டும் எடுத்து வைக்கிற ஆப். வாட்ஸப்புக்குத் தனியா பேக்கப் போடணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லலை. "பேக்கப் கம்ப்ளீட்னு பச்சை டிக் காட்டுச்சேடா"ன்னாங்க. காட்டுச்சுதான். அந்த ஆப் பொய் சொல்லலை. தன் வேலை முடிஞ்சதுன்னு சொல்லுச்சு. அவங்க தன் போனே பத்திரம்னு படிச்சாங்க. அப்படித்தான் யாரும் படிப்பாங்க.

அதனால பச்சை டிக்குக்குக் கீழ ஒரு வரி வேணும்: "போட்டோ, வீடியோ, நம்பர்கள் ஏறிடுச்சு. வாட்ஸப் இதுல இல்லை." இருக்குறதைச் சொல்றதை விட இல்லாததைச் சொல்றதுதான் முக்கியம்.

ரெண்டாவது கேள்வி: எப்ப வரைக்கும்?

ஆப் நினைச்ச நேரத்துல ஓடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. 2015ல வந்த ஆண்ட்ராய்டு 6லேர்ந்து டோஸ்னு ஒரு ஏற்பாடு இருக்கு. சார்ஜ் போடாம, ஸ்கிரீன் அணைஞ்சு, போன் அசையாமக் கிடந்தா பின்னாடி ஓடுற வேலையெல்லாம் ஒத்திப் போட்டுடும். பேட்டரிக்கு நல்லது, பேக்கப்புக்குக் கஷ்டம். இது போக, வைஃபை இருந்தாத்தான் ஏத்தணும்னு செட்டிங் வேற. வீட்ல வைஃபையே இல்லாதவங்களுக்கு மாசக்கணக்குல எதுவுமே ஏறாம இருக்கும். அங்க போய் 'ஆன்'னு காட்டினா என்ன பிரயோஜனம்? "கடைசியா ஏறினது செவ்வாய்க்கிழமை, இன்னும் 214 போட்டோ பாக்கி"ன்னு சொல்றதுதான் நேர்மை.

மூணாவது கேள்விதான் வில்லங்கம்: இங்க அழிச்சா அங்க இருக்குமா?

பேக்கப் வேற, சிங்க் வேற. ஐபோன்ல ஐகிளவுட் போட்டோஸ் ஆன் பண்ணி வெச்சிருந்தா, போன்ல அழிச்ச படம் எல்லா இடத்துலயும் அழியும், 30 நாள் குப்பைத்தொட்டில கிடக்கும். கூகுள் போட்டோஸ்ல 'டெலீட்' அழுத்தினா மேலயும் போயிடும். போன்ல மட்டும் இடம் காலி பண்ண வேற பட்டன். ரெண்டுலயும் அவங்கவங்க காரணம் நியாயம்தான். ஆனா மெமரி ஃபுல்லுன்னு பதட்டத்துல நிக்கிறவங்க இந்த வித்தியாசத்தை எங்க படிக்கறது? பட்டன்லயே "போன்ல மட்டும் அழி", "எல்லா இடத்துலயும் அழி"ன்னு எழுதிட்டா, பட்டன் ஒண்ணு கூடும், ஆபத்து பாதியாக் குறையும்.

தமிழ்ல இன்னொரு கூத்து. ரீசெட்டுக்கும் 'மீட்டமை', ரீஸ்டோருக்கும் 'மீட்டமை'ன்னு போட்ட ஆப்புகளைப் பாத்திருக்கேன். ஒண்ணு எல்லாத்தையும் துடைக்கும், இன்னொண்ணு திருப்பிக் கொண்டு வரும். ரெண்டுக்கும் ஒரே வார்த்தை! இங்கிலீஷ் லிஸ்டை மொத்தமாக் குடுத்து மொழிபெயர்க்கச் சொன்னா, எந்த வார்த்தை எந்த ஸ்கிரீன்ல வருதுன்னு பாவம் அவருக்கு எப்படித் தெரியும்? எங்க ஆப்புல 'எல்லாம் அழி', 'திரும்ப எடு'ன்னு வெச்சோம். இலக்கணமா இருக்கான்னு தெரியாது, புரியுது.

இதையெல்லாம் மீட்டிங்ல சொன்னா, "இவ்ளோ எழுதினா யூசர் பயந்து அன்இன்ஸ்டால் பண்ணிடுவான்"னு பதில். பாதி நியாயம். 'இல்லை'ங்கற வரி மூணு மீட்டிங்ல அடிவாங்கி, கடைசில சின்ன எழுத்துல உள்ள வந்துடுச்சு. இன்னும் நான் மல்லுக்கட்டிட்டு இருக்கறது வேற ஒண்ணுக்கு: முதல் பேக்கப் முடிஞ்சதும் "ஒரு போட்டோவைத் திரும்ப எடுத்துப் பாருங்க"ன்னு ஆப்பே கேக்கணும். 2007ல ஆப்பிள் டைம் மெஷின் கொண்டு வந்தப்ப, திரும்ப எடுக்கறதைத்தான் கண்ணு முன்னாடி கொண்டு வந்து நிறுத்துனாங்க. பழைய தேதிக்குப் போய் அந்த ஃபோல்டர் அன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னே பாக்கலாம். ஒரு தடவை திரும்ப எடுத்துப் பாத்தவங்களுக்கு அப்புறம் டிக் தேவையில்லை, கண்ணாலயே பாத்தாச்சு.

எங்க ஆப்புல அது எப்ப வருமோ தெரியாது. நீங்க காத்திருக்க வேணாம். இன்னிக்கு ராத்திரி வேற போன்லயோ கம்ப்யூட்டர்லயோ உங்க பேக்கப்பைத் திறந்து, போன வாரம் எடுத்த படம் ஒண்ணு இருக்கான்னு பாருங்க. அப்படியே உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்க குரல் எந்த ஆப்புல இருக்குன்னும் யோசிங்க. அது அந்த பச்சை டிக்குக்குள்ள இருக்கா?