தொழுவத்துக் கொசு

இராமேசுவரம் தீவில் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டியே மாட்டுத் தொழுவம் இருந்தது. “மாடு நிற்கிற வீட்டுக்குள்ள கொசு வராதுடா. அதுக்கு வேண்டிய இரத்தம் வாசல்லயே கிடைச்சிரும்” என்பார் அப்பத்தா. அதனால் எங்கள் வீட்டில் கொசுவலை வாங்கியதில்லை. ஒரு மார்கழியில் அப்பத்தாவே குளிர்காய்ச்சலில் படுத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் உடல் தூக்கிப்போடும். எத்தனை கம்பளி போர்த்தினாலும் நடுக்கம் அடங்காது. பிறகு வியர்த்துக் கொட்டும். இரத்தத்தைச் சோதித்து மலேரியா என்றார்கள். அப்போதும் தொழுவத்தில் இரண்டு பசுக்கள் அசைபோட்டுக்கொண்டுதான் நின்றன.

பின்னாளில் பூச்சியியல் பயின்று, விடியற்காலையில் கைவிளக்கும் உறிஞ்சுகுழாயுமாகக் கொசு பிடிக்கப் புறப்பட்டேன். இரவெல்லாம் இரத்தம் குடித்த பெண்கொசு, வயிறு சிவந்து பருத்துச் சுவரில் ஓய்ந்திருக்கும். அவ்வயிற்றை வடிதாளில் நசுக்கி உலர்த்துவோம். காய்ந்த கறையைக் கரைத்து, மனித இரத்தத்தையும் மாட்டிரத்தத்தையும் இனங்காட்டும் ஊநீர்களோடு தனித்தனியே சேர்த்தால், பொருந்துகிற ஒன்றில் மட்டும் வெண்படிவு தோன்றும். கொசு யாரிடம் விருந்துண்டது என்பதை அதன் வயிறே சொல்லிவிடும். இத்தனை நேர்மையான சாட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கொசு யாரைக் கடிக்கிறது என்பதில் அப்படியென்ன இருக்கிறது? நோயாளியிடமிருந்து ஒட்டுண்ணியைப் பெற ஒரு கடி; அது கொசுவின் உடலில் ஒரு வாரத்துக்கும் மேலாக வளர்ந்தபின் இன்னொருவருக்குச் செலுத்த மறு கடி. இரண்டும் மனிதர்மீதே விழவேண்டும். பத்தில் ஒருமுறை மட்டும் மனிதரை நாடும் கொசு, இருமுறையும் மனிதரையே கடிக்கும் வாய்ப்பு 100இல் 1. பத்தில் ஒன்பது முறை நாடுவதற்கோ அது 100இல் 81. ஆப்பிரிக்காவின் அனாபிலிஸ் காம்பியே அத்தனை கொடியதாக விளங்குவதற்கு மனித இரத்தத்தின்மேல் அதற்குள்ள நாட்டம் முதன்மையான காரணம்.

நம் நாட்டு ஊர்ப்புறங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் ஒரே கொசுவன்று; ஏ, பி, சி, டி, இ என ஐந்து உடன்பிறப்பினங்கள். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய இயலாது. ‘பி’ பெரிதும் மாட்டையே நாடும். நோய் பரப்புவதில் அதன் பங்கு மிகக் குறைவு. ‘இ’ மனிதரை நாடுவது. நோயைப் பரப்பவும் செய்யும். அந்த ‘இ’ தனியினம் என 1999இல் அறிவிக்கப்பட்டது எங்கள் தீவிலிருந்துதான்.

விடுமுறையில் ஊர் சென்றபோது இதை அப்பத்தாவிடம் விளக்கினேன்.

“அப்ப நான் சொன்னது பொய்யா?”

“பாதி மெய், அப்பத்தா. மாட்டைத் தேடி வர்ற கொசுவுக்குத்தான் அது பொருந்தும்.”

அவர் நெடுநேரம் தொழுவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கொசுவலை என்ன விலை இருக்கும்?” என்று கேட்டார்.